கவலைப் பற்றாக்குறை: ஜொகூர் பந்து ரசிகரின் பருவ இறுதி மனநிலை குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

விளையாட்டுப் பருவம் முடியும் வேளையில், தன் அணி தேறுமா தேறாதா என்று ரசிகர் நகம் கடிப்பது உலக வழக்கு. இவ்வழக்கு செல்லாத நிலம் ஒன்று உண்டு என்று சிலாங்கூர்ப் பக்கத்து நண்பர்கள் பெருமூச்சோடு சொல்லிவருகிறார்கள். வடக்கே பகாங், வடமேற்கே மலாக்காவும் நெகிரி செம்பிலானும், கிழக்கே தென்சீனக் கடல், தெற்கே சிங்கப்பூரைப் பிரிக்கும் நீரிணை: இவ்வெல்லைக்குட்பட்ட ஜொகூர்தான் அந்நிலம். இங்குள்ள காற்பந்து ரசிகருக்குக் கவலையே கிடையாது என்பது அவர்கள் கூற்று. அக்கூற்றை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வின் கால எல்லை 2024-25 பருவத்தோடு நிற்கிறது.

2. பிறநாட்டார் கண்ட கவலை

கவலைப்படுவதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் அமெரிக்கப் பேஸ்பால் ரசிகர்கள். அங்கே 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் 162 ஆட்டங்கள். அவற்றுள் 12 அணிகளுக்கு மட்டுமே பிளேஆஃப் வாசல் திறக்கும். செப்டம்பர் பிறந்துவிட்டால் அந்நாட்டு ரசிகர் 'மேஜிக் எண்' போடத் தொடங்குவார். 163இலிருந்து தன் அணியின் வெற்றிகளையும் துரத்திவரும் அணியின் தோல்விகளையும் கழித்தால் அந்த எண் கிடைக்கும். அது சுழியமானால் நிம்மதி. சியாட்டல் மரைனர்ஸ் ரசிகர்கள் 2001க்குப் பிறகு 2022 வரை பிளேஆஃப் வாசலை மிதிக்கவே இல்லை. சிகாகோ கப்ஸ் ரசிகர்களோ 1908இல் வென்ற கோப்பையை மறுபடி 2016இல்தான் தொட்டார்கள். கவலையைப் பேரன் கையில் ஒப்படைத்துவிட்டுப் போன தாத்தாக்கள் அங்கே பலர்.

இந்தச் சூத்திரத்தை மலேசிய சூப்பர் லீக்கில் பொருத்திப் பார்க்கலாம். காற்பந்தில் வெற்றிக்கு மூன்று புள்ளி. ஆகவே துரத்துகிற அணி மிச்ச ஆட்டங்கள் அனைத்தையும் வென்றாலும் எட்ட முடியாத புள்ளியை நம் அணி எட்டிவிட்டதா என்று கணக்கிட்டால் போதும். ஜொகூரில் இக்கணக்கைப் போட ஆளில்லை. மாமாக் கடையில் நிகழும் உரையாடலின் மாதிரி வடிவம் வருமாறு:

“இன்னும் எத்தனை ஆட்டம் பாக்கி இருக்குண்ணே?”

“இருக்கும், நாலஞ்சு. ஏன்டா தம்பி?”

“சும்மாதான் கேட்டேன்.”

இதில் வரும் 'சும்மா' எந்தச் சூத்திரத்துக்கும் அடங்காதது.

3. தரவுகள்

2013இல் ஜொகூர் பட்டத்து இளவரசர் துங்கு இஸ்மாயில் தலைமையில் புத்துருப் பெற்ற ஜொகூர் டாருல் தக்சிம், சுருக்கமாக ஜேடிதி, 2014 தொடங்கி 2024-25 வரை சூப்பர் லீக் பட்டத்தை ஒருமுறைகூட விட்டதில்லை. தொடர்ந்து 11 பட்டங்கள். 2014இல் குளுவாங்கில் பிறந்த குழந்தை 2025இல் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் அமர்ந்திருக்கும். அது பிறந்ததிலிருந்து வேறொரு வெற்றியாளர் பெயரைக் கேட்டதில்லை. லீக் பட்டமும் மழையைப்போல் தானாகப் பெய்வது என்று அக்குழந்தை எண்ணினால் அதன் மேல் குற்றமில்லை.

மூத்த தலைமுறையின் நிலை வேறு. ஜொகூர் மலேசியக் கிண்ணத்தை வென்றது 1985இல். 1991இல் லீக்கும் கிண்ணமும் சேர்ந்து வந்தன. அடுத்த லீக் பட்டத்துக்கு 2014 வரை, அதாவது 23 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. லார்க்கின் அரங்கின் படிக்கட்டுகளில் அக்காலத்தைக் கழித்த பெரியவர்களிடம் செலவழிக்கப்படாத கவலை இன்னும் கையிருப்பில் உள்ளது.

4. கருதுகோள்

கவலை அழிவதில்லை, இடம் மாறும். லீக்கில் செலவாகாத கவலை வேறெங்காவது செலவாகியே தீரும்.

5. தொல்காப்பிய வழி வகைப்பாடு

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இலக்கண ஆசிரியர் காற்பந்து பார்த்தவரல்லர் என்றாலும் வகைப்பாடு கச்சிதமாகப் பொருந்துகிறது.

அணங்கு: கண்ணுக்குப் புலப்படாமல் வருத்துவது. ஜேடிதிக்கு அது ஆசிய நாக்-அவுட் சுற்று. 2022 ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கில் ஜப்பானின் கவாசாகி, கொரியாவின் உல்சான் ஆகியவை இருந்த குழுவில் ஜொகூர் முதலிடம் பிடித்தது. ஊரே பூரித்தது. ஆகஸ்டில் சைத்தாமா போனார்கள். உராவா ரெட்ஸ் 5-0 என்று அனுப்பிவைத்தது. மறுநாள் காலை ஸ்கூடாயில் ரொட்டி சானாய் இருந்தது, பேச்சு இல்லை.

விலங்கு: இக்களன் ஜொகூரில் காலி. புலி நம் பட்டப்பெயர். நம்மைக் கண்டு பிறர் அஞ்சுவது முறை. சிலாங்கூரின் பட்டப்பெயரான 'சிவப்பு அரக்கர்கள்' விலங்கில் சேராது, அணங்கில் சேரும் என்பார் உளர். அண்மை ஆண்டுகளில் அவ்வணங்கு யாரையும் பிடித்து ஆட்டியதாகத் தகவல் இல்லை.

கள்வர்: ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஓடுபவர். 2025 மார்ச்சில் தாய்லாந்தின் புரிராம் யுனைடெட் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து ஒரே ஒரு கோல் போட்டது. ஆசியக் கனவு அதோடு போயிற்று.

தம் இறை: இது குறித்து ஆய்வாளர் கருத்துரைக்க விரும்பவில்லை. ஆய்வாளரும் ஜொகூரில்தான் குடியிருக்கிறார்.

அச்சம் உவகையாக மாறியதும் உண்டு. 2015இல் தஜிகிஸ்தானின் துஷான்பே நகரில் இஸ்திக்லோல் அணியை 1-0 என வென்று ஏஎஃப்சி கிண்ணத்தைக் கொண்டுவந்தார்கள். தென்கிழக்காசிய அணி ஒன்று அதை வென்றது அதுவே முதல்முறை. கவலைப்பட வாய்ப்புக் கிடைத்த ஆட்டங்களே ஜொகூர்க்காரர் நினைவில் நிற்கின்றன என்பது இங்கே கருதத்தக்கது.

6. இடம்பெயர்ந்த கவலைகள்

அ) கோல் கவலை. 3-0 என வென்ற இரவில் ரசிகர் முகம் வாடியிருக்கும். “ரெண்டாவது பாதியில ஏன்டா தூங்கிட்டானுங்க?” என்பது கவலையின் ஒலிவடிவம்.

ஆ) அரங்குக் கவலை. 2020இல் லார்க்கினை விட்டு இஸ்கண்டார் புத்ரியில் எழுந்த சுல்தான் இப்ராஹிம் அரங்குக்கு அணி குடிபெயர்ந்தது. ஏறத்தாழ 40,000 பேர் கொள்ளும் அவ்வரங்கு வாழை இலை வடிவில் அமைக்கப்பட்டது. இலையின் நுனி இடப்பக்கம் இருக்கிறதா என்ற கேள்வி தமிழ் ரசிகரிடையே இன்னும் தீரவில்லை. ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்திலிருந்து வெளியேற ஆகும் நேரம், லீக் பட்டத்தைவிட நிச்சயமற்றது.

இ) பட்டியல் கவலை. எஸ். குணாளன் ஜேடிதிக்கு ஆடிய ஆண்டுகளில், முதல் பதினொருவரில் நம் பையன் இருக்கிறானா என்று பார்த்த பிறகே மாசாய், உலு திராம் வீடுகளில் தொலைக்காட்சியின் ஒலி கூட்டப்பட்டது.

ஈ) விடுமுறைக் கவலை. ஜொகூரில் வார விடுமுறை 2014 முதல் 2024 வரை வெள்ளி, சனியாக இருந்தது. அதாவது 11 ஆண்டுகள். பட்டங்களும் 11. ஒன்று மற்றதற்குக் காரணமோ என்ற ஐயம் 2025 சனவரி 1 முதல் விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியபோது சிலரை வாட்டியது. பருவம் பாதியில் இருக்கும்போதே நாள் மாறியது, பட்டம் மாறவில்லை. இத்தொடர்பு பொய் என்று ஆய்வு உறுதிசெய்கிறது. நம்பியவர்கள் இன்னும் நம்புகிறார்கள்.

உ) கிண்ணக் கவலை. உள்ளூரில் மிஞ்சியிருக்கும் அசல் கவலை இது ஒன்றே. 2014இல் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் பகாங் பெனால்டியில் வென்றது. 2021இல் கோலாலம்பூர் சிட்டி 2-0 என்று பறித்துக்கொண்டது. நாக்-அவுட்டில் 11 பட்டமும் செல்லாக்காசு.

7. மறுப்பும் விடையும்

“ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்கும் தொடர்ந்து 11 பட்டம் வென்றது. பிறகு 2024இல் லெவர்குசன் வந்து முடித்துவைத்தது. ஆகவே ஜொகூர் ரசிகர் கவலைப்படக் காரணம் உண்டு” என்பார் எண்கணிதர். லாத்வியாவின் ஸ்கோன்டோ ரீகா தொடர்ந்து 14 முறை வென்றதே என்பது நம் விடை. ஆனால் இவ்விடையைக் கேட்டு நிம்மதி அடைந்த ரசிகரைவிட, 'அப்படியானால் எப்போது முடியும்?' என்று மேலும் கலங்கியவர்களே அதிகம்.

8. முடிபு

ஜேடிதி 2024-25 மலேசியக் கிண்ணத்தை 2-1 என்று வென்றது. எதிரே நின்றது ஸ்ரீ பகாங். அப்பருவம் முடிந்ததும் பகாங் லீக்கிலிருந்தே விலகிக்கொண்டது. 2018இல் மலேசியக் கிண்ணம் வென்ற பேராவும் விலகியது. அவ்விரு மாநில ரசிகர்களுக்கு அடுத்த பருவ சூப்பர் லீக்கில் கவலைப்பட அணியே இல்லாமற்போயிற்று. உண்மையான கவலைப் பற்றாக்குறை குவாந்தானிலும் ஈப்போவிலும் இருக்கிறது. ஜொகூரில் இருப்பது அதன் நிழல் மட்டுமே. எதிரணி இருந்தால்தான் ரசிகருக்குக் கவலை உண்டு; கவலை இருந்தால்தான் லீக் உயிரோடிருக்கிறது என்று பொருள்.

எனவே மற்ற மாநிலச் சங்கங்களுக்கு ஜொகூர் ரசிகர் சார்பில் ஒரு விண்ணப்பம்: ஆட்டக்காரர் சம்பளத்தை மாதாமாதம் கொடுங்கள், கடனில்லாமல் அணியை நடத்துங்கள், திடல் புல்லைப் பாருங்கள், ஊர்ப் பையன்களை வளர்த்தெடுங்கள், ஒரு பருவமாவது கடைசி வாரம்வரை எங்களைத் துரத்தி வாருங்கள். பட்டத்தை மட்டும் கேட்காதீர்கள்.