கும்மிடிப்பூண்டிக்குப் பவுடர் பூசுவோம்

கும்மிடிப்பூண்டிக்கு இமேஜ் சரியில்லையாம். தொழில் வளர்ச்சி பேசுகிறவர்களுக்கு இது பெரிய கவலை. ஸ்ரீபெரும்புதூர் என்றால் செல்போன், ஒரகடம் என்றால் கார், ஓசூர் என்றால் ஸ்கூட்டர். கும்மிடிப்பூண்டி என்றால் ஸ்கிராப், ஈயம், புகை. எல்லை தாண்டி ஆந்திராவுக்குள் போனால், 2008இல் முளைத்த ஸ்ரீசிட்டி ஏ.சி.யும் மெட்ரோ ரயில் பெட்டியும் செய்துகொண்டிருக்கிறது. நம்ம ஊர்ப் பையன்களும் ஐ.டி. கார்டை மாட்டிக்கொண்டு அங்கேதான் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள்.

ஊரைத் தூக்கி நிறுத்த நானும் யோசனை சொல்லலாம் என்றிருக்கிறேன். ஆலோசனைக் கட்டணம் வேண்டாம். சுவிட்சர்லாந்துப் பயணமும் வேண்டாம்.

முதலில் செல்ஃபி பலகை. ஊர் ஊராக ‘ஐ லவ்’ போட்டு, சிவப்பு இதயம் வைத்து, எல்.இ.டி. எரியவிட்டாயிற்று. எங்கள் சிப்காட் தொழிற்பேட்டை நுழைவாயிலில் ஒன்று வைத்தால் புகைமூட்டத்துக்கு நடுவே அந்த இதயம் மங்கலாகத் தெரியும். படத்துக்கு ஃபில்டர் போட வேண்டியதில்லை.

அதைவிட மலிவான வழி பெயர் மாற்றம். அரசுக்கு அதில் நல்ல கைராசி. 1990இல் ஈழத்திலிருந்து ஓடி வந்தவர்களை வைத்த முகாம் கும்மிடிப்பூண்டியில் இன்றும் இருக்கிறது. 2021இல் ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள். பலகைக்கு மறுவாழ்வு கிடைத்தது. சில முகாம்களில் புது வீடும் கட்டினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முகாமிலேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே கல்யாணம் முடித்து, தினமும் பெயிண்ட் வாளியோடு கூலிக்குப் போகிறவருக்கு நாடு எது? 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று விரலை எண்ணிவிட்டு, இலங்கை வருமுன் கையை மடக்கிக்கொண்டது. அதே கைராசியில் புகைக்கு ‘வளர்ச்சி மேகம்’ என்று பெயர் வைத்துவிடலாம். மாநிலத்தின் பல ஆலைகளிலிருந்து லாரியில் வந்து இந்த சிப்காட்டுக்குள் புதைகிற அபாயக் கழிவுக்கு ‘விருந்தாளி’ என்பதே பொருத்தம். வந்தவர் திரும்பிப் போவதில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

பவுடர் பூசுவதில் டெல்லியும் சளைத்ததில்லை. 2014 ஜூலையில் அருண் ஜெட்லி தன் பட்ஜெட் உரையில் சென்னை–பெங்களூரு தொழில் வழித்தடத்துக்கு மூன்று ஸ்மார்ட் சிட்டிகளைச் சொன்னார்: எங்கள் பக்கத்துப் பொன்னேரி, கிருஷ்ணபட்டினம், துமகூரு. பொன்னேரிக்காரர் காலையில் பேப்பரைப் பிரித்தபோது ஸ்மார்ட்டாகியிருந்தார். வரப்போகிற நகரத்துக்கு ‘மிக அருகில்’ மனை விற்றார்கள். 2020 டிசம்பர் 30 அன்று மத்திய அமைச்சரவை கிருஷ்ணபட்டினத்துக்கும் துமகூருக்கும் பணத்துக்கு ஒப்புதல் தந்தது. பொன்னேரிக்கு இல்லை. 2024 ஆகஸ்டில் நாடு முழுவதும் 12 புதிய தொழில் நகரங்களை 28,602 கோடி ரூபாய்க்கு அறிவித்தார்கள். பாலக்காடு இருந்தது, கயா இருந்தது. தமிழ்நாட்டில் ஓர் ஊர்கூட இல்லை. பொன்னேரிக்குக் கிடைத்தது பட்ஜெட் உரையில் ஒரு வரி. அதுவும் ஆங்கிலத்தில்.

டெல்லி மேல் பழியைப் போட்டுவிட்டுக் கோட்டை கையைத் தட்டிவிட்டுப் போக முடியாது. உலக முதலீட்டாளர் மாநாடு 2015இல் நடந்தது: 2.42 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம். 2019இல் 3 லட்சம் கோடி. 2024இல் 6.64 லட்சம் கோடி. ஆட்சி மாறியது, மேடை, பொன்னாடை, ஃபைலைக் கைமாற்றிச் சிரிக்கிற போட்டோ மாறவில்லை. மொத்தம் 12 லட்சம் கோடிக்கு மேல். இதில் கும்மிடிப்பூண்டித் தாலுகாவில் இறங்கியது எவ்வளவு, அதில் உள்ளூர்க்காரருக்கு நிரந்தர வேலை எத்தனை? ஊர்வாரியாக ஒரு கணக்கு ஒட்டுங்கள். தாலுகா ஆபீஸ் சுவரில் இடம் நிறைய இருக்கிறது.

உண்மையில் இந்த ஊர் நொடித்துப்போன ஊரே இல்லை. பழைய இரும்பை ஃபர்னஸில் உருக்கி, பில்லெட்டாக வார்த்து, ரோலிங் மில்லில் கம்பியாக இழுக்கிறார்கள். சென்னையில் கடல் பார்த்த அப்பார்ட்மெண்ட் வாங்கியவர் வீட்டுத் தூணுக்குள் இந்த ஊர்க் கம்பி இருந்தாலும் இருக்கும். ஃபர்னஸ் முன்னால் கந்தல் துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு நிற்பவன் பீகார் பையன், ஒடிசா பையன். பெரும்பாலும் அவன் பெயர் ஆலையின் ரோலில் இருக்காது. காண்ட்ராக்டர் நோட்டில் இருக்கும். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று வாபஸ் என்றார்கள். தகர ஷெட்டில் பத்துப் பேராகப் படுத்திருப்பவனுக்கு இந்த இரண்டு செய்தியுமே எட்டவில்லை. அவனுக்கு எட்டு மணி நேரம் என்பதே வதந்தி.

பொருள் செய்கிற ஊர் இது. சம்பாதிக்கிற ஊர் இது. கம்பி சென்னைக்குப் போகிறது, வரி கோட்டைக்கும் டெல்லிக்கும் போகிறது, லாபம் முதலாளியின் தலைமை அலுவலகத்துக்குப் போகிறது. கரி மட்டும் உள்ளூரில் தங்குகிறது.

அந்தக் கரியைப் பார்க்க வேண்டுமா? சிப்காட்டை ஒட்டிய ஊர்களுக்குக் காலையில் வாருங்கள். பைக் எடுக்கிறவர் முதலில் சீட்டைத் துடைக்கிறார், துணி கறுத்துப்போகிறது. மொட்டைமாடியில் வடாம் பிழிந்து காயவைத்தால் மேலே மிளகு தூவியது மாதிரி கரித்தூள் படிந்திருக்கிறது. விரலால் தேய்த்தால் இழுபடுகிறது, ஊதினால் போவதில்லை. ராத்திரி ஊர் அடங்கினபிறகுதான் புகை தடிக்கிறது என்று டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ கிண்டியில் உட்கார்ந்து ஆலைகளின் புகைபோக்கி அளவீட்டை ஆன்லைனில் பார்க்கிறது. கிண்டித் திரையில் தெரிகிற எண் கும்மிடிப்பூண்டிக்காரர் கண்ணில் படக்கூடாதா? செல்ஃபி பலகைக்கு ஆகிற காசில் அந்தத் திரை ஒன்றை சிப்காட் வாசலில் தமிழில் வைக்கலாமே. வைக்க மாட்டார்கள். கறுப்பு வடாத்துக்குப் புவிசார் குறியீடு வேண்டுமானால் வாங்கித் தருவார்கள்.

ஆலோசகர்களின் ஸ்லைடில் ஸ்பெயினின் பில்பாவோ நகரம் தவறாமல் வரும். இரும்பும் கப்பலும் செய்து நொடித்த ஊர், 1997இல் குகென்ஹெய்ம் அருங்காட்சியகம் திறந்ததும் தலைகீழாக மாறியது என்பார்கள். அருங்காட்சியகத்துக்குப் பல வருஷம் முன்பே, 1980களில், அந்த ஊர்க்காரர்கள் நெர்வியோன் ஆற்றைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டார்கள் என்பது அந்த ஸ்லைடில் இருக்காது. நமக்கும் ஒரு ஆறு இருக்கிறது, கொசஸ்தலை. அதன் கரையில் அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் சாந்தி பப்பு குழுவினர் நிறுவினார்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் முதல் சிப்காட் அதுதான். கோடரி செய்தவர்கள் ஆற்றை விட்டுவைத்துவிட்டுப் போனார்கள். இன்று அதே ஆறு எண்ணூரில் கடலைத் தொடுமுன் அனல்மின் நிலையத்துச் சாம்பலைச் சுமக்கிறது.

‘பேரு பெத்த பேரு, தாக நீலு லேது’ என்று எங்கள் எல்லைப் பக்கத்தில் தெலுங்கில் சொல்வார்கள்: பேர் பெரிய பேர், குடிக்கத் தண்ணீர் இல்லை. இதே தாலுகாவின் தேர்வாய் கண்டிகையில் மேய்ச்சல் நிலத்தையும் புதர்க்காட்டையும் சிப்காட்டுக்கு எடுத்தார்கள். தலித் மக்கள் வருஷக்கணக்காகப் போராடினார்கள். பிரெஞ்சு டயர் ஆலை வந்தது. பக்கத்திலேயே 380 கோடியில் நீர்த்தேக்கம் கட்டி 2020 நவம்பரில் அமித் ஷா திறந்துவைத்தார். தண்ணீர் சென்னைக்கு.

கடைசியாக, புது ஆலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருமுன் நடத்துகிற கருத்துக் கேட்புக் கூட்டம். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ஊரைவிட அதிகமாகப் போலீஸ். முன்வரிசையில் வேனில் வந்து இறங்கிய முகங்கள். ‘வேலைவாய்ப்பு வரும், வரவேற்கிறோம்’ என்று சீட்டைப் பார்த்துப் படிக்கிறார்கள். ஆலையின் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை பல நூறு பக்கம், ஆங்கிலத்தில். சுருக்கம் மட்டும் தமிழில். மைக் கிடைத்த கிழவி, கிணற்றுத் தண்ணீர் ஏன் நிறம் மாறியது என்று கேட்டால் ‘பதிவு செய்துகொண்டோம்மா’ என்கிறார் அதிகாரி. பதிவு செய்வார்கள். ஊர் மொத்தமும் வேண்டாம் என்றாலும் அது பதிவுதான், தடை இல்லை, சட்டம் அப்படி.

ஆனாலும் அந்த மைக்கை நான் விடச் சொல்ல மாட்டேன். முழு அறிக்கையையும் தமிழில் கேளுங்கள், புகைபோக்கி எண்ணை ஊர் நடுவில் கேளுங்கள், காண்ட்ராக்டர் நோட்டிலிருந்து ஆலை ரோலுக்குப் பெயரை மாற்றச் சொல்லுங்கள். சென்னைக்காரர்களும் வாருங்கள், கம்பியும் தண்ணீரும் உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே ஒரு தமிழ் நாளிதழில் அறிவிப்பு வந்தாக வேண்டும். சின்ன எழுத்தில் வரும். தேடிப் படியுங்கள்.