கால்சியம் ரியாக்டர் வாங்குவது எப்படி: புதுக்கோட்டை வழிகாட்டி

கடல் மீன் தொட்டி வந்து இறங்கிவிட்டது. ஹாலில் 7 அடி நீளம், 1,000 லிட்டர். தண்ணீரே 1 டன் கனம். கால் வைத்த இடத்தில் டைல்ஸ் லேசாக முனகியது. கொலு வைத்த மாதிரி வெளிச்சம் போட்டிருந்ததால் யார் காதிலும் விழவில்லை. நல்லது. அடுத்து, பவளத்துக்குச் சுண்ணாம்பு ஊட்டும் ரியாக்டர். கீழ்க்கண்டவாறு செய்யுங்கள், பாதியை ஏற்கெனவே செய்திருப்பீர்கள்.

1. எதையும் அளக்காதீர்கள். இன்று காலை காரத்தன்மை எவ்வளவு, நாளைக் காலை எவ்வளவு என்று பார்த்தால் தொட்டி ஒரு நாளைக்குக் குடிக்கிற சுண்ணாம்பு தெரிந்துவிடும். 1,000 லிட்டரில் காரத்தன்மை 1 டிகிரி குறைந்தால் சுமார் 18 கிராம். 2 டிகிரி என்றால் 36 கிராம், ஒரு கைப்பிடிகூட வராது. இந்தக் கணக்கைப் போட்டவர் யாரும் பெரிய ரியாக்டர் வாங்கியதில்லை. அதனால்தான் சொல்கிறேன், போடாதீர்கள்.

2. அளவை மச்சானின் பெட்டி தீர்மானிக்கட்டும். சிங்கப்பூரிலிருந்து வரும்போது எவ்வளவு பெரியது பெட்டியில் நுழைகிறதோ, அதுவே உங்கள் பவளத்தின் தேவை. வழிகாட்டிப் புத்தகத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். கனம்.

3. தொட்டியில் என்ன இருக்கிறது என்று யோசிக்காதீர்கள். ரெண்டு நீமோ மீன், ஒரு கடல் சாமந்தி. இரண்டுக்கும் கல் எலும்புக்கூடு கிடையாது. கால்சியம் கேட்பது கல் பவளம்தான். ஆனால் கல் பவளம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியோடு ஒரே பட்டியலில். புலி வளர்ப்பதற்கு முன்னால் கூண்டுக்குக் கம்பி எத்தனை எம்.எம். என்று விசாரிப்பது போலத்தான் உங்கள் நிலைமை. கம்பியைப் பற்றி மட்டும் விசாரித்துக்கொண்டே இருங்கள்.

மீமிசல் கடற்கரைப் பக்கம் போய் ஒரு துண்டு பவளம் எடுத்து வரலாமே என்றும் தோன்றும். நம் கடல் சேறும் கடற்புல்லும். அதனால்தான் 2022-இல் நம் கரையையும் தஞ்சாவூர்க் கரையையும் சேர்த்து 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுவுக்கு ஒதுக்கினார்கள். பவளப்பாறைக்கு மண்டபம் வரை போக வேண்டும். அங்கே எடுத்தால் 3 வருஷத்திலிருந்து 7 வருஷம் வரை சிறை; தொட்டியை அதுவரை வீட்டம்மா பார்த்துக்கொள்வார்.

4. சிலிண்டருக்கு வெல்டிங் பட்டறை. ரியாக்டர் வேறொன்றுமில்லை: ஒரு குழாய்க்குள் சுண்ணாம்புக் கல், அதன் வழியே கடல் தண்ணீர், கூடவே கார்பன் டை ஆக்சைடு. தண்ணீர் புளித்துப் போய்க் கல்லைக் கரைக்கும். கரைந்தது சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குப் போகும். பட்டறைக்காரர் கொடுப்பது ஆர்கான் கலந்த கேஸாக இருக்கலாம். கேட்காதீர்கள், அவர் மனம் கோணும். சிலிண்டர் தொட்டிக்கு அடியில் நிற்காதா? படுக்கப் போடுங்கள். திரவமாகவே ரெகுலேட்டருக்குள் இறங்கும். அந்த உறைபனியைப் பார்க்க அக்கம்பக்கம் கூடும். ரெகுலேட்டரில் ஒற்றைக் கட்ட வகை மலிவு. சிலிண்டர் தீரும் கடைசி நாளில் மிச்சக் கேஸை மொத்தமாகத் தள்ளிவிடும், அந்த நாள் எப்போதும் நீங்கள் கல்யாணத்துக்குப் போன நாளாக இருக்கும்.

5. குமிழி எண்ணும் குப்பியை ஹாலுக்கு முகம் பார்த்து வையுங்கள். ஒரு விரல் உயரம். உள்ளே ஒரு முத்து மேலே ஏறுகிறது, நிற்கிறது, அடுத்தது வருகிறது. நிமிஷத்துக்கு 20 என்றார்கள். நீங்கள் வால்வை ஒரு நூல் திருகுகிறீர்கள், 60. திரும்ப ஒரு நூல், 3. மூன்றாம் நாள் கை பழகி ஓடை மாதிரி ஓடும். உள்ளே பி.ஹெச். 6.5 இருந்தால் கல் கரையும். 6-க்குக் கீழே போனால் கஞ்சியாகும். கஞ்சி நல்லதுதானே என்று நினைத்து அப்படியே விடுங்கள்.

6. சொலினாய்டு வால்வு வேண்டாம். கரன்ட் போனால் அது கேஸை நிறுத்தும், பணம் தண்டம். மாதப் பராமரிப்பு மின்தடையில் காலையிலிருந்து மாலை வரை பம்பு நிற்கும், கேஸ் நிற்காது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்து போன பிறகு ஆலங்குடி, கறம்பக்குடி பக்கம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று நினைவிருக்கிறது அல்லவா. அப்படி ஒரு முறை வரட்டும், சிலிண்டர் முழுசாக இருக்கும்போதே.

7. உள்ளே போடும் கல்லுக்குச் செலவு செய்யாதீர்கள். வாசல் கோலப்பொடிதான் இருக்கிறதே. அதில் சுண்ணாம்புக் கல் எவ்வளவு, வெள்ளை மணல் எவ்வளவு என்று தெரிய ஒரு எலுமிச்சம்பழச் சாறு போதும்: நுரைத்தால் சுண்ணாம்பு, நுரைக்காவிட்டால் மணல். சோதித்துப் பார்ப்பவர்கள் இந்தக் குறிப்பைப் படிக்கத் தகுதியற்றவர்கள். தூள் பம்பை அடைக்கும். அடைத்த பம்பைச் சுத்தம் செய்வதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பெரும்பகுதி.

ஒன்று மட்டும் காதோடு. சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளிய வைத்து, மேலே நிற்கிற தெளிவை ராத்திரியில் சொட்டுச் சொட்டாக விட்டால் நடுத்தரத் தொட்டிக்கு அதுவே தாராளம். பி.ஹெச். 12 இருக்கும், மொத்தமாக ஊற்றக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவையும் ஒரு குழாயையும் காட்டி, வீட்டுக்கு வந்தவரிடம் என்ன பேசுவது?

8. டெஸ்ட் கிட் வாங்கி அலமாரியில் பத்திரப்படுத்துங்கள். எல்லாம் வெளுத்த பிறகு எடுங்கள். குப்பியின் அடியில் காலாவதித் தேதி, இரண்டு வருஷம் முன்னால். சொட்டு விட்டுப் பாருங்கள், கலர் வருகிறதா? வருகிறதே. அப்புறமென்ன.