24 மில்லிமீட்டர் கிளைவ்

எங்கள் வீட்டில் ராபர்ட் கிளைவின் உயரம் 24 மில்லிமீட்டர். மூக்கு கிடையாது, நான் பூசிய சிவப்பு அதை மூடிவிட்டது. வலது கையில் வாள் இருக்க வேண்டும். வெந்நீரில் முக்கி நிமிர்த்தும்போது அது கையோடு வந்துவிட்டது. ஆற்காட்டில் முற்றுகையைத் தாக்குப்பிடித்துவிட்டு ஆரணிப் பக்கம் வந்த 26 வயது வாலிபனை, பென்ஷன் கேட்டுக் கருவூல வாசலில் காத்துக்கிடக்கும் ஆள் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறேன்.

பொம்மைச் சிப்பாய்களை மேசைமேல் நிறுத்திப் பழைய சண்டைகளை மறுபடி நடத்தும் விளையாட்டு ஒன்று உண்டு. டேப் வைத்து அளந்துதான் நகர்த்த வேண்டும். பகடை உருட்டித்தான் யார் செத்தார், யார் பிழைத்தார் என்று சொல்ல வேண்டும். பிரஷ்ய ராணுவம் 1824-இல் தன் அதிகாரிகளுக்கு இதைப் பாடமாகவே வைத்தது. எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற புத்தகம் எழுதி இதை வீட்டுத் தரைக்கு இறக்கினார். அவர் ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் சுட்டே எதிராளியை வீழ்த்தினார். கண்ணமங்கலத்தில் இந்த விளையாட்டை ஆடுகிறவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். ஆடுகிறவன் என்பதுகூடக் கொஞ்சம் மிகை. நான் பொம்மைகளை ஒப்பிடுகிறவன்.

பட்டுச் சேலைக்கு கிராஃப் போடுவது என் தொழில். மயில், யானை, யாளி எதுவானாலும் கட்டம் கட்டமாக உடைத்து, ஜக்கார்டு அட்டை குத்துகிறவரிடம் கொடுப்பேன். சின்னதைப் பார்க்கிற கண் எனக்கு இருக்கிறது என்று ஒரு நினைப்பு. நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது.

பள்ளிப் புத்தகத்தில் ஆற்காட்டு முற்றுகைக்கு ஒரு பத்தி கிடைக்கும். அதற்கடுத்த மூன்று வாரத்துக்குள் எங்கள் தாலுகாவிலேயே நடந்த சண்டையை யாரும் சொல்லித் தரவில்லை. 1751 டிசம்பர் 3. ஆற்காட்டு நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் மகன் ரஸா சாகிப் ஒரு பக்கம். அவரோடு புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர் சுமார் 300 பேர், நாட்டுப் படை சில ஆயிரம். எதிரே கிளைவ், ஐரோப்பியர் 200, சிப்பாய்கள் 700, முராரி ராவின் மராட்டியக் குதிரைகள் 600. கிளைவுக்கு இடப்பக்கம் தோப்பு, வலப்பக்கம் ஒரு கிராமம், முன்னால் தண்ணீர் நின்ற நெல்வயல், வயலின் குறுக்கே மேடான ஒரு கரைவழி. தோப்பில் மராட்டியர், கிராமத்தில் சிப்பாய்கள், நடுவில் வெள்ளைக்காரர் என்று நிறுத்தினார். பிரெஞ்சுக்காரர் பீரங்கியை இழுத்துக்கொண்டு கரைமேல் வந்தார்கள். கரையில் நின்றால் பக்கவாட்டிலிருந்து குண்டு, வயலில் இறங்கினால் முழங்கால் சேறு. முடிவில் ரஸா சாகிபின் ஒரு லட்ச ரூபாய்க் கஜானாப் பெட்டி மராட்டியர் கைக்குப் போனது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மழைக்காலத்தில் கண்ணமங்கலத்திலிருந்து ஆரணிக்கு பஸ்ஸில் போனால் ஜன்னலுக்கு வெளியே தெரிவது இதே சேறு, இதே வரப்பு, இதே தோப்புதான். கணக்கும் சுலபமாக வந்தது. ஒரு பொம்மைக்கு 20 பேர் என்று வைத்தால் கிளைவ் பக்கம் ஐரோப்பியர் 10, சிப்பாய் 35, குதிரை 30. பிரெஞ்சுக்காரர் 15. ரஸா சாகிபின் ஆட்களுக்கு இன்னும் சில பெட்டி. ஒரே மழைக்காலத்தில் முடிக்கக்கூடிய வேலை. முடித்திருந்தால் இந்தப் பத்திக்கு வேலை இருந்திருக்காது.

படவேட்டு ரேணுகாம்பாள் கோயில் ஆடி வெள்ளிக் கடைகளில் பாலிதீன் பையில் தொங்கும் பச்சை சோல்ஜர்கள்தான் என் முதல் சேனை. எல்லாரும் ஒரே அச்சு, ஒரே பச்சை, யார் செய்தது என்று பேரே கிடையாது. அவர்களை வைத்துக்கொண்டு சின்ன வயதில் நான் எத்தனையோ போர்களை நடத்தி முடித்திருக்கிறேன். ஸ்கேல் என்ற ஒன்றைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு போரும் நடக்கவில்லை.

1/72 என்பது நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு. ஐந்தடி ஏழங்குல ஆள் 24 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வருவான். இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் 1950-களின் கடைசியில் இப்படிப்பட்ட பிளாஸ்டிக் ஆட்களைப் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கியது. பிறகு இத்தாலியின் இத்தாலேரி, ஜெர்மனியின் ரெவெல், ரஷ்யாவின் ஸ்வெஸ்டா, தைவானின் சீசர், இன்னும் ஹாட், ஸ்ட்ரெலெட்ஸ் என்று நீளும் பட்டியல். எல்லாப் பெட்டியிலும் 1/72 என்றே போட்டிருக்கும். உள்ளே இருக்கும் ஆட்கள் அதை மதிப்பதில்லை. ஒருவன் நெட்டையாக, மெலிந்து, சட்டைப் பொத்தான் வரை தெளிவாக நிற்பான். இன்னொருவன் குட்டையாக, தோள் அகன்று, கறிக்கடைக்காரர் கையோடு இருப்பான். ஆனால் அவன் முகத்தில்தான் உயிர் இருக்கும். என்னைக் கேட்டால் எனக்குப் பிடித்தது அந்தக் குட்டைதான். வாங்கி வைத்ததோ நெட்டையை.

உலோகப் பொம்மைக்காரர்கள் பின்னமே சொல்வதில்லை; 15 மி.மீ., 28 மி.மீ. என்று உயரத்தைச் சொல்லிவிடுவார்கள். அதையும் சிலர் உச்சந்தலை வரை அளப்பார்கள், சிலர் கண் வரை. 28 மி.மீ. ஆளை என் 1/72 மேசையில் நிறுத்தினால் கண் வரைக்குமே ஆறடி ஏழங்குலம். 15 மி.மீ. ஆள் மூன்றரை அடிச் சிறுவன். இந்தக் கணக்கைப் போட்ட பிறகாவது ஒரே கம்பெனி, ஒரே அளவு என்று நின்றிருக்கலாம். நான் நோட்டு வாங்கினேன்.

அந்த நோட்டில் கண் வரை உயரம், தலைப்பாகை வரை உயரம், குதிரையின் தோள் உயரம், துப்பாக்கி நீளம் என்று பத்தி பத்தியாகக் கோடு போட்டேன். கிராஃப் போடுகிறவன் கையில் கோடு அழகாகத்தான் விழும். அந்தக் காலத்து ‘பிரவுன் பெஸ்’ துப்பாக்கி ஐந்தடிக்கு மேல் நீளம், ஆகவே 22 மி.மீ. வர வேண்டும். நீளம் பெரும்பாலும் வந்தது. பருமன்தான் இடித்தது. நிஜக் குழாயை 72-ஆல் வகுத்தால் அரை மில்லிமீட்டர்கூட வராது. அவ்வளவு மெல்லிசாக மெதுபிளாஸ்டிக்கில் வார்த்தால் அச்சிலிருந்து எடுக்கும்போதே வளைந்துவிடும். அதனால் எந்தக் கம்பெனியும் துப்பாக்கியைத் தடியாகத்தான் செய்யும். கையும் அதைப் பிடிக்கிற அளவுக்குப் பெருத்தாக வேண்டும். எல்லாருமே கொஞ்சம் பொய் சொல்கிறார்கள், அப்படிச் சொன்னால்தான் பொம்மை நிற்கும். இது எனக்கு விளங்கியபோது நோட்டு முக்கால்வாசி நிரம்பியிருந்தது. வர்ணம் பூசி முடித்த சிப்பாய்களை ஒரு தீப்பெட்டியில் அடைத்துவிடலாம்.

“என்னங்க, டப்பா வந்திருக்கு, சுங்கம் கட்டணுமாம்” என்று என் மனைவி வாசலிலிருந்து குரல் கொடுக்கும்போதெல்லாம், எதிர்வீட்டுத் தறிச்சத்தம் நின்றுவிடும். ரகசியமாக இருக்கட்டும் என்று நான் எடுத்த முயற்சிகளைப் பற்றி இங்கே எழுதாமல் இருப்பது நல்லது.

ஐரோப்பியரைத் தேற்றிவிட்டேன். 1756-இல் தொடங்கிய ஏழாண்டுப் போர்க்காலத்துப் பிரஷ்யரும் ஆஸ்திரியரும் கிடைக்கிறார்கள். கோட்டும் முக்கோணத் தொப்பியும் ஏறக்குறைய அதே தையல். சிவப்பு பூசினால் கிழக்கிந்தியக் கம்பெனி ஆள். சிப்பாய்தான் சிக்கவில்லை. ரோமாபுரி வீரன், நெப்போலியனின் காவல்படை, ஹானிபாலின் யானை எல்லாம் பெட்டியில் வருகிறது; 1751-இன் ஆரணிச் சிப்பாய் என் கைக்கு எட்டிய எந்தப் பெட்டியிலும் இல்லை. கம்பெனியின் சென்னைச் சிப்பாய்களை முறையான பட்டாளங்களாகத் திரட்டியதே 1750-களின் கடைசியில்தான். அதற்கு முன் அவரவர் தலைப்பாகை, அவரவர் அரைத்துணி. ஆகவே தலைப்பாகையை நானே செய்துவிடுவது என்று துணிந்தேன். பட்டு நெய்கிற ஊர்க்காரனுக்குத் தலைப்பாகை ஒரு பெரிய விஷயமா?

தறியடியில் கிடந்த கழிவு இழையை எடுத்து பிரஷ்யன் தலையில் சுற்றினேன். முறுக்கிய பட்டிழை நம் கண்ணுக்கு மெல்லிசு. ஆனால் இருநூறில் ஒரு பங்கு மி.மீ. இருந்தால்தான் 1/72-இல் அது நூல். நான் சுற்றியது கிணற்றுத் தாம்புக்கயிறு. சிப்பாய்கள் தலையில் பூசணிக்காயோடு நின்றார்கள். அடுத்து, ஹார்டுவேர் கடையில் விற்கும் எபாக்சி மாவைப் பிசைந்து தலைப்பாகை வைத்தேன். பார்க்க நன்றாகவே வந்தது. இந்தப் பொம்மைகள் பாலிஎத்திலீன். அதில் எதுவும் லேசில் ஒட்டாது, மண்டையில் சின்ன ஊசி குத்தி அதன்மேல் மாவை வைக்க வேண்டும் என்பது விஷயம் தெரிந்தவர்களுக்கு அரிச்சுவடி. மறுநாள் காலை மேசையில் தலைப்பாகைகள் ஒரு பக்கமும் பிரஷ்யர்கள் ஒரு பக்கமும் இருந்தார்கள்.

வர்ணத்தின் கதையும் இதே ரகம். அச்சிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் பூச வேண்டும். எனக்கு அவசரம். துப்பாக்கி வளைய வளைய வர்ணம் செதில் செதிலாக உதிர்ந்தது. சிவப்பு எந்தச் சிவப்பு என்பதில் அண்ணன் வேறு வந்து உட்கார்ந்துகொண்டார். சாயப்பட்டறையில் வயதைக் கழித்தவர். “இது அரக்கும் இல்ல, மிளகாப்பழமும் இல்ல. இன்னாத்துக்குடா இது?” என்றார். வெயிலில் வெளுத்து மழையில் நனைந்த கம்பெனிக் கோட்டு என்று விளக்கினேன். “அப்ப சாயம் போன துணின்னு சொல்லு” என்று எழுந்து போய்விட்டார். அவர் சொன்னது சரிதான். இவ்வளவு சின்ன உருவத்துக்கு நிஜ நிறத்தைவிடச் சற்று வெளிறின நிறம் பூசினால்தான் கண்ணுக்கு நிஜமாகத் தெரியும். அது அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்திருக்கிறது. நான் அதை நோட்டில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

இடையில் கற்பனைப் படைகளின் பக்கமும் போய்வந்தேன். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் நண்பர்களும் இந்த மேசைப்போர் விதிகளோடு டிராகனையும் மந்திரவாதியையும் கலந்தார்கள். 1974-இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வந்தது. பிறகு பூதமும் எலும்புக்கூடும் வார்ப்பதே ஒரு தொழிலானது. இங்கே எனக்கு நிம்மதி கிடைக்கும் என்று நினைத்தேன். ஆர்க் என்கிற கற்பனைப் பூதத்தின் உயரம் இவ்வளவு என்று யார் அளந்தார்? சீசரின் 1/72 குள்ளர்களையும் ஆர்க்குகளையும் வாங்கினேன். பக்கத்தில் வைக்க வேறொருவரின் 28 மி.மீ. எலும்புக்கூட்டையும் வாங்கினேன். அந்த ரகத்தில் தலையும் கையும் வேண்டுமென்றே பெரிசாக இருக்கும்; தூரத்திலிருந்து பார்க்கத் தெரியட்டும் என்பதற்காக. ஆர்க்குக்குப் பக்கத்தில் அது ஜோராக நின்றது. ஆனால் எலும்புக்கூடு மனிதனுடையதுதானே, அப்படியானால் மனிதனுடைய உயரம் இருக்க வேண்டாமா என்று ராத்திரி படுத்த பிறகு தோன்றிவிட்டது. எழுந்துபோய் அளந்தேன்.

நவராத்திரியில்தான் இந்தப் பெட்டிகள் வெளிச்சத்துக்கு வந்தன. அத்தை வீட்டுக் கொலுவுக்குக் கீழே கேழ்வரகு முளைக்கவிட்டுப் பார்க் கட்டியிருந்தார்கள். அண்ணன் மகள், ஏழாம் வகுப்பு, என்னைக் கேட்காமலே ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நான் போய்ப் பார்த்தபோது பார்க் வாசலில் பிரஷ்யர்கள் காவல் நின்றார்கள். குளத்தங்கரையில் ஆர்க்குகள், நெட்டையும் குட்டையும் கலந்து வரிசையாக. படியில் செட்டியார் பொம்மை பக்கத்து யானையைவிடப் பெரியவர். மரப்பாச்சி எல்லாரையும்விட உயரம். கிளி கோபுரத்தில் பாதி. சுண்டலுக்கு வந்த ஒருவராவது அளவு சரியில்லை என்று சொல்லவில்லை. “ஒன் சோல்ஜருங்க அழகா இருக்காங்கடா” என்று அத்தை மட்டும் சொன்னார். நான் நெட்டைகளைத் தனியாகப் பிரித்து நிறுத்தப் போனேன். அத்தை கையைத் தட்டிவிட்டார்.

ஆரணிப் போர் ஒருவழியாக நடந்தது அந்த வாரக் கடைசியில், எங்கள் வீட்டுத் திண்ணையில். கூப்பிட்டவள் அண்ணன் மகள்தான். 30 குதிரைக்கு நான் வாங்கி வைத்திருந்தது சொற்பம். மராட்டியரின் தக்காணக் குதிரை சிறுசு, ஐரோப்பியக் குதிரைப்படை பெட்டியில் வருவது பெரிசு, ஆகவே எந்தக் கம்பெனியின் சின்னக் குதிரை பொருந்தும் என்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்ததில் மேற்கொண்டு வாங்கவே இல்லை. அவள் உள்ளே போய் ஒரு கை புளியங்கொட்டை கொண்டுவந்து தோப்பில் கொட்டினாள். “இது குதிரை, சித்தப்பா.” ஈரக் கோணிதான் நெல்வயல். மரப்பட்டைதான் கரைவழி. தலைப்பாகை இல்லாத சிப்பாய்களைத் துளசி மாடத்துக்குப் பின்னால் கிராமத்தில் ஒளித்துவைத்தோம்.

முடிவு தெரிந்த சண்டை என்பதால் கிளைவை நான் எடுத்துக்கொண்டேன். பெரியவன் செய்கிற காரியமில்லை, செய்தேன். தோப்பு, கிராமம், நடுவில் வெள்ளைக்காரர் என்று எல்லாவற்றையும் புத்தகத்தில் இருந்தபடியே அடுக்கிவிட்டு அவள் கரைமேல் வரக் காத்திருந்தேன். அவள் வரவில்லை. பிரெஞ்சுப் பீரங்கியை வயலுக்கு அந்தப் பக்கமே நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு முறையும் பகடை உருட்டி என் ஆளை ஒருவன் ஒருவனாகச் சாய்த்தாள்.

“கரை வழியா வரணும்மா. அப்படித்தான் நடந்தது” என்றேன்.

“சேத்துல எறங்கினா மாட்டிக்குவேன்னு தெரிஞ்சும் எதுக்கு சித்தப்பா வரணும்?”

வேறு வழியில்லாமல் கிளைவ் கோணியில் இறங்கினார். கையில்லாத கிளைவ், மிச்சமிருந்த ஐரோப்பியர், பின்னால் ஒரு கை புளியங்கொட்டை. சேற்றில் பாதி வேகம் என்ற விதியை எழுதியது நான்தான். நடுவயல்கூடத் தாண்டவில்லை.

கஜானாவுக்கு மஞ்சள் ஜரிகைத் துணி சுற்றி ஒரு தீப்பெட்டி வைத்திருந்தேன். அதை அவள் எடுத்துக்கொண்டாள். பதிலுக்கு என் நோட்டில் மிச்சமிருந்த வெள்ளைப் பக்கங்களைக் கிழித்துத் தரச் சொன்னாள். அடுத்த முறைக்கு அவளே விதி எழுதப் போகிறாளாம்.