ஒரு ‘அப்’ எத்தனை வேலை பார்க்கும்?

கேள்வி: ‘அப்’ என்றால் மேலே. ஆனால் ‘டிரிங்க் அப்’ என்றால் குடித்து முடி, ‘கிவ் அப்’ என்றால் கைவிடு என்கிறார் டீச்சர். இதில் ‘மேலே’ எங்கே போயிற்று? (பிளஸ் டூ மாணவி, ஏற்காடு)

பதில்: காலையில் பால் டம்ளரை நீட்டும்போது உன் அம்மா ‘குடி’ என்றா சொல்கிறார்? ‘குடிச்சுடு’ என்கிறார். வாசலுக்கு ஓடப் பார்க்கிறவளை நிறுத்தி, அடியில் தங்கிய சர்க்கரை வரை காலி பண்ண வைப்பது அந்த ‘டு’தான். குடித்துவிடு, தின்றுவிடு, மறந்துவிடு என்று இன்னொரு வினையின் வாலைப் பிடித்து வரும்போது ‘விடு’ எதையும் விடுவதில்லை, வேலையை முடித்துவைக்கிறது. இலக்கணத்தில் இதற்குத் துணைவினை என்று பெயர். ஈட் அப், டிரிங்க் அப், யூஸ் அப் எல்லாவற்றிலும் ‘அப்’ பார்ப்பது இதே வேலையை. ரஷ்யர்களும் விட்டுவைக்கவில்லை. அவர்களுக்கு ‘பீத்’ என்றால் குடி, ‘வீபித்’ என்றால் குடித்துவிடு. நாம் வாலில் ஒட்டியதை அவர்கள் தலையில் ஒட்டியிருக்கிறார்கள். ஆங்கிலேயர் எங்கும் ஒட்டாமல் தள்ளி நிறுத்திவிட்டதால்தான் நமக்கு இத்தனை குழப்பம்.

‘கிவ் அப்’ மாதிரிச் சொற்களில் ‘அப்’பை மட்டும் தனியாகப் பிரித்துப் பொருள் தேடாதே. ‘எழுதித் தள்ளுகிறான்’ என்றால் யாரையும் தள்ளுவதில்லை, ‘வந்து தொலை’ என்றால் வந்தவர் தொலைந்துபோவதில்லை. இதெல்லாம் உனக்கு நாலு வயதிலேயே புரிந்தது. வினையையும் ‘அப்’பையும் ஒரே சொல்லாக, ஒரு முழு வாக்கியத்தோடு மனதில் வை. ‘கிவ் அப்’பும் புரிந்துவிடும்.

கேள்வி: பாரத்தை ‘ஃபில் அப்’ செய்வதா, ‘ஃபில் இன்’ செய்வதா? (வாசகர், செம்மடுவு)

பதில்: இங்கிலாந்தில் ‘இன்’, அமெரிக்காவில் ‘அவுட்’, நம் ஊரில் ‘அப்’. ஒரே பாரத்தை அவர் உள்ளே நிரப்புகிறார், இவர் வெளியே நிரப்புகிறார், நாம் மேலே நிரப்புகிறோம். பள்ளிப் பிள்ளைகள் கோடிட்ட இடத்துக்கே ‘ஃபில்லப்ஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பேங்க் கவுண்டரில் ‘ஃபில்லப் பண்ணிட்டேன்’ என்று தாராளமாகச் சொல்லுங்கள், சலான் நகரும். எழுத்தில் ‘இன்’ போடுங்கள். பெட்ரோல் டேங்குக்கு மட்டும் எல்லா நாட்டிலும் ‘அப்’தான்.

கேள்வி: ‘கோப் அப் வித்’ என்று எழுதினேன். வாத்தியார் ‘அப்’பை அடித்துவிட்டார். நியாயமா? (கல்லூரி மாணவர், நாகலூர்)

பதில்: நியாயம்தான் தம்பி. ‘கோப் வித்’ போதும். ‘கீப் அப் வித்’, ‘கேட்ச் அப் வித்’ இரண்டும் பக்கத்தில் நிற்பதால் அந்த ‘அப்’ இங்கேயும் தொற்றிக்கொண்டது. உங்களுக்கு ‘அப்’ வேண்டும் என்றால் ‘புட் அப் வித்’ இருக்கிறது. பொறுத்துக்கொள் என்று பொருள். மே மாதத்தில் ஏற்காட்டுக் கோடை விழாக் கூட்டத்தில் ஏரிக்கரையைக் கடந்து வீடு போய்ச் சேர்கிறவருக்கு அதன் பொருளை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கேள்வி: ஏற்காட்டுக்கு ‘அப்’ போட்டால் சரி, மலை. லண்டனுக்கும் ‘அப் டு லண்டன்’ என்கிறார்களே? (வாசகி, வெள்ளக்கடை)

பதில்: ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ‘கீழே போய்ட்டு வரேன்’ என்றாலே சேலத்துக்கு என்று புரிந்துகொள்கிற ஊர். லண்டன் அப்படி எந்த மலையிலும் இல்லை. ஆனால் பிரிட்டிஷ் ரயில்வேயில் லண்டனை நோக்கிப் போவது ‘அப்’ லைன், அதைவிட்டு விலகிப் போவது ‘டவுன்’ லைன். அது அதிகாரத்தின் உயரம். நமக்கும் கட்சி ‘மேலிடம்’ உண்டு, ‘மேலதிகாரி’ உண்டு. அவர் அறை தரைத்தளத்தில் இருந்தாலும் அவர் மேலதிகாரிதான்.

கேள்வி: மேக்கப், பில்டப், கெட்டப், பிக்கப்... தமிழில் ஏன் இத்தனை ‘அப்’? (வாசகர், சேலம்)

பதில்: சேலத்தில் ஏற்காடு சாலையிலேயே மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். டி.ஆர்.சுந்தரம் 1935-இல் தொடங்கிய ஸ்டூடியோ. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-இல் அங்கிருந்துதான் வந்தது. அங்கே மேக்கப்போடு விடிந்து பேக்கப்போடு பொழுது முடிந்திருக்கும். இந்தச் சொற்களை நம் வீடுவரை கொண்டுவந்ததில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். ‘பில்டப்’ நம்மிடம் வந்தபின் இன்னும் செழித்திருக்கிறது. ‘ரொம்ப பில்டப் குடுக்காதே’ என்பதில் உள்ள செல்லக் கண்டிப்பு ஆங்கிலத்தில் கிடையாது.

‘பிக்கப்’ மட்டும் மெக்கானிக் தந்தது. சேலத்திலிருந்து ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆள் நிறைந்த வண்டி வளைவில் வேகம் இழந்து முதல் கியருக்கு வந்து முனகும்போது ‘பிக்கப் இல்லை’ என்பார்கள். நீங்கள் இறங்கிக்கொண்டிருந்தால் ஓரமாக நின்று அந்த வண்டிக்கு வழிவிடுங்கள். செங்குத்தான மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது சாலை விதி. ஏற்றத்தில் ஒருமுறை நின்றுபோன வண்டியை மறுபடி கிளப்புவதற்குள் டிரைவருக்கு வேர்த்துவிடும்.