தலைக்கவசமும் பந்தும்: ஒரு பொருத்த ஆராய்ச்சி

அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் நெருங்கும்போது, ‘கவனிக்க வேண்டிய மோதல்கள்’ என்று பட்டியல் போடுவது அந்நாட்டு வல்லுநர் மரபு. பந்தைப் பிடிக்கும் இந்த ரிசீவரை அந்தத் தடுப்பாட்டக்காரர் மடக்குவாரா, இந்த முன்வரிசை லைன்மேனை அந்த லைன்மேன் தள்ளுவாரா என்று, ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்பவரைப்போல ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, யார் ஜெயிப்பார் என்பதையும் சொல்லிவிடுவார்கள். இத்தகைய பட்டியல்களில் இடம்பெற வழியே இல்லாத ஒரு மோதலுக்கு உரிய ஆசனத்தைப் பெற்றுத்தருவதே இக்கட்டுரையின் நோக்கம். அது தலைக்கவசத்துக்கும் பந்துக்கும் இடையில் நிகழ்வது.

ஆய்வுக்களம், அரிசோனா மாநிலத்தின் கிளெண்டேல் நகரில் 2008 பிப்ரவரி 3 அன்று நடந்த 42ஆவது சூப்பர் பவுல். ஒருபுறம் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். அப்பருவத்தில் ஆடிய 18 ஆட்டங்களிலும் வென்றவர்கள். முதல் 16 ஆட்டங்களில் மட்டும் 589 புள்ளிகள் குவித்தவர்கள். அவர்களின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிபவரான டாம் பிரேடி, டச்டவுனாக, அதாவது எதிரணியின் எல்லைக்குள் பிடிக்கும்படி, எறிந்தவை 50. அவற்றில் 23 ராண்டி மாஸின் கைக்குப் போனவை. மறுபுறம் நியூயார்க் ஜயண்ட்ஸ். பந்தயச் சந்தை அவர்களை ஏறக்குறைய 12 புள்ளி பின்தங்கியவர்களாகவே வைத்திருந்தது.

முதற்கண் பூர்வபட்சம். ‘அன்றைய ஆட்டத்தை முடிவு செய்தது ஜயண்ட்ஸின் தடுப்பு முன்வரிசையே’ என்பாரும் உளர். அவரை எளிதில் தள்ளிவிட முடியாது. பேட்ரியட்ஸில் பிரேடிக்கு அரணாக நின்ற ஐவரில் மூவர் அவ்வாண்டின் நட்சத்திர அணிக்குத் தேர்வானவர்கள். பருவத்தின் 16 ஆட்டங்களில் அவர் பந்தோடு கீழே வீழ்த்தப்பட்டது 21 முறைதான். அன்றிரவு மட்டும் ஐந்து முறை! ஜயண்ட்ஸின் தடுப்புப் பயிற்சியாளர் ஸ்டீவ் ஸ்பாக்னுவோலோ, ஓரத்தில் நின்று பாயும் ஜஸ்டின் டக்கை உள்ளே நகர்த்தி, கனத்த உடம்புக்காரரான லோகன் மேன்கின்ஸுக்கு எதிரே நிறுத்தினார். ஆள் வேகத்தில் வந்தால் எடை என்ன செய்யும்? போதாக்குறைக்கு, ஜயண்ட்ஸ் தங்கள் முதல் தாக்குதலிலேயே 9 நிமிடம் 59 நொடி பந்தைத் தம்வசம் வைத்திருந்து பிரேடியை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அத்தனைக்கும் கிடைத்தது மூன்று புள்ளி என்பது வேறு விஷயம்.

அற்றேல், ஆட்டம் முடிய 2 நிமிடம் 42 நொடி இருக்கையில் பிரேடி மாஸுக்கு டச்டவுன் எறிந்து 14-10 என்று முந்தியது எங்ஙனம்? முன்வரிசை தோல்வியைத் தள்ளிப்போட்டது; வெற்றியைக் கொண்டுவரவில்லை. ஆகவே அக்கூற்று முழுமையாகாமை அறிக.

இனிச் சித்தாந்தம். ஆட்டம் முடிய 1 நிமிடம் 15 நொடி. ஜயண்ட்ஸுக்கு மூன்றாம் முயற்சி. பந்தைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள இன்னும் ஐந்து யார்டு வேண்டும். குவார்ட்டர்பேக் ஈலை மேனிங்கின் சட்டையை பேட்ரியட்ஸின் ஜார்விஸ் கிரீனும் ரிச்சர்ட் சீமோரும் பிடித்து இழுக்கிறார்கள். எப்படியோ உதறிக்கொண்டு வெளியே வந்தவர், பந்தை நடு மைதானத்தை நோக்கி உயர எறிகிறார். ஜயண்ட்ஸ் ரிசீவர் டேவிட் டைரீ எகிறி இரு கையாலும் பிடிக்கிறார். பேட்ரியட்ஸ் தடுப்பாட்டக்காரர் ராட்னி ஹாரிசன் அடித்ததில் ஒரு கை போய்விட, மிஞ்சிய வலக்கையால் பந்தைத் தன் தலைக்கவசத்தோடு அழுத்திக்கொண்டு ஹாரிசன்மேலேயே விழுகிறார். பந்து தரையைத் தொடவில்லை. 32 யார்டு.

‘இது வெறும் அதிர்ஷ்டம்’ என்பது எதிர்பார்த்த ஆட்சேபமே. விடை வருமாறு. இதற்கு முந்தைய எறிதலில், பேட்ரியட்ஸின் நட்சத்திர ஆட்டக்காரரான அசான்டே சாமுவேல் எகிறியும் பந்து அவர் கையில் பட்டு நழுவிற்று. நின்றிருந்தால் பேட்ரியட்ஸ் அங்கேயே வென்றிருப்பார்கள். டைரீயோ அப்பருவத்தின் 16 ஆட்டங்களில் மொத்தம் நான்கே பாஸ் பிடித்தவர்; அந்த வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலும் பந்துகளை நழுவ விட்டவர். நழுவியவை யாவும் கைக்கு வந்தவை. கையோடு தலைக்கவசமும் சேர்ந்த ஒன்றே ஒன்று நின்றது. மாதிரி அளவு சிறிதுதான், ஆனால் வெற்றி விகிதம் 100 சதவீதம்.

தலைக்கவசத்தின் இன்னொரு மேன்மை, அதை மடக்க எவரும் நியமிக்கப்படுவதில்லை. ரிசீவரின் காலுக்கு ஒருவர், கைக்கு ஒருவர் என்று வியூகம் வகுக்கும் அன்றைய பேட்ரியட்ஸ் தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிசெக் போன்ற மேதையும் மண்டைக்கென்று தனியாக ஆள் நிறுத்தியதில்லை. வளைந்த ஓட்டின்மேல் சுமார் 28 சென்டிமீட்டர் நீளமுள்ள கூர்முனைப் பந்து எப்படி நின்றது என்பதை இயற்பியலார் தனியே ஆராயட்டும். நமக்கு அது நின்றதே போதும்.

ஆட்டம் முடிய 35 நொடி இருக்கையில் பேட்ரியட்ஸ் தடுப்பாட்டக்காரர் எல்லிஸ் ஹாப்ஸைத் தடுமாற வைத்து ஜயண்ட்ஸின் பிளாக்சிகோ பர்ரஸ் டச்டவுன் போட்டார். ஜயண்ட்ஸ் 17, பேட்ரியட்ஸ் 14. டைரீ அதன்பிறகு அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் ஆட்டம் எதிலும் ஒரு பாஸ்கூடப் பிடிக்கவில்லை. ஆகவே அடுத்த சூப்பர் பவுலுக்குப் பட்டியல் எழுதும் வல்லுநர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பத்து மோதல் எழுதுங்கள், பதினொன்றாவதாகத் தலைக்கவசத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.