அலைவரிசைப் பெயரும் அத்தையின் வாயும்: ஒரு மாயவரத்து ஆய்வு

தொலைக்காட்சி அலைவரிசை தன் பெயரை மாற்றிக்கொண்டால் பார்ப்பவரின் விசுவாசம் என்ன ஆகும் என்று மும்பையிலும் டெல்லியிலும் குளிர்சாதன அறைகளில் உட்கார்ந்து ஆராய்கிறார்கள். அது தப்பான களம். சரியான களம் மயிலாடுதுறை. இந்த ஊரே ஒருமுறை பெயர் மாற்றப்பட்ட சரக்கு. மாயவரம் என்று வழங்கிய இதை 1982இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டு மயிலாடுதுறை ஆக்கியது. 2020 டிசம்பர் 28 அன்று அதே பெயரில் மாவட்டமும் உதயமாயிற்று. கும்பகோணத்தில் பஸ் ஏறுகிறவர் இன்னமும் 'மாயவரம் ஒண்ணு' என்றுதான் டிக்கெட் கேட்கிறார். பலகை ஒன்று சொல்ல, வாய் வேறொன்று சொல்லும் இந்த நிலைக்கு 'மாயவர விதி' என்று பெயரிடுகிறேன்.

ஆய்வு நடந்த இடம் பட்டமங்கலத் தெருவில் எங்கள் வீட்டுக் கூடம். ஆய்வுக்கு உட்பட்டோர் நால்வர்: அத்தை, மாமா, அண்ணன் மகள், பிஞ்சுக் கத்தரிக்காய் கொடுக்க வந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்ட எதிர்வீட்டு அம்மாள். கருவி, பாலிதீன் உறைக்குள் ரப்பர் பேண்டால் கட்டப்பட்ட ரிமோட். உறையைப் பிரித்துப் பார்த்தவர் எவருமில்லை. மேல் வரிசையில் இரண்டு எண்கள் மட்டும் தேய்ந்து காணாமல் போயிருக்கின்றன. விசுவாசத்தை அளக்க இதைவிட நேர்மையான புள்ளிவிவரம் எனக்குக் கிடைக்கவில்லை.

வரலாற்றுப் பின்னணி. 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. ஊர் பெயர் மாறிய அதே 1982இல், பிப்ரவரி 15 அன்று இலங்கையில் ரூபவாஹினியும், ஆகஸ்ட் 15 அன்று தூர்தர்ஷனின் தேசிய நிகழ்ச்சியும் பிறந்தன. கிரகங்கள் இப்படிக் கூடியதற்கு வைத்தீஸ்வரன்கோவில் நாடி ஜோதிடர்கள்தான் விளக்கம் தர வேண்டும். அந்நாளில் விசுவாசம் என்பது மொட்டை மாடி விவகாரம். ஆன்டெனாக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மேலே, கூடத்தில் ஒருவர், நடுவே படிக்கட்டில் ஒரு தூதுவர். "தெரியுதா?" "புள்ளி புள்ளியா இருக்கு." "இப்ப?" "கொஞ்சம் வேதாரண்யம் பக்கமாத் திருப்பச் சொல்லு." காற்று வாகாக இருந்தால் கடல் தாண்டி ரூபவாஹினி வந்துவிடும். அதில் பேசும் சிங்களம் ஒரு சொல்கூடப் புரியாது. ஆனாலும், டெல்லியின் இந்தி வந்தவுடன் பெட்டியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போன அதே குடும்பம், சிங்கள விளம்பரத்தைக் கண்கொட்டாமல் பார்த்தது. தேடிப் போய் அழைத்து வந்த விருந்தாளி மேல் ஏற்படும் பிரியம் அது. டெல்லி நம் வீட்டு நேரத்தை எடுத்துக்கொண்டு வந்தது. இலங்கையை நாமாகப் போய் எட்டிப் பிடித்தோம்.

மறுப்பாளர் இங்கே கை தூக்குவார்: தூர்தர்ஷனில் 1987இல் தொடங்கிய ராமாயணத் தொடர் இந்திதானே, ஞாயிறு காலை ஊரே அடங்கியதே? அடங்கியது. பார்த்தவர்களுக்கு மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று இயக்குநர் ராமானந்த சாகருக்கு முன்பே அத்தை சொல்லிவிடுவார்.

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் டிவி வந்தது. இங்கேதான் என் முக்கியக் கண்டுபிடிப்பு. தமிழனை மொத்தமாகக் கட்டிப்போட்ட அலைவரிசையின் பெயரில் தமிழே கிடையாது. சன், ராஜ், கே டிவி: எதிலும் 'தமிழ்' என்ற சொல் இல்லை. மாறாக, வெளியிலிருந்து வந்தவற்றைப் பாருங்கள். 2008இல் ஜீ தமிழ், 2018இல் கலர்ஸ் தமிழ். சொந்த வீட்டுக்காரன் வாசலில் 'இது என் வீடு' என்று எழுதிப் போடுவதில்லை. குடிவந்தவன்தான் முதல் வேலையாகப் பெயர்ப்பலகை அடிக்கிறான். சந்தேகப்படுகிறவர்களுக்கு ஓர் ஆதாரம்: அதே சன், ஊர் விட்டு ஊர் போனபோது, 2019இல் சன் பாங்ளா ஆயிற்று, 2021இல் சன் மராத்தி ஆயிற்று. குடிவந்தவன் எவனாயிருந்தாலும் விதி ஒன்றே.

விஜய் டிவியின் கதை இன்னும் ருசியானது. 1994இல் கோல்டன் ஈகிள் என்று பிறந்து, விஜய் மல்லையா கைக்குப் போனதும் 'விஜய்' ஆகி, 2001இல் ஸ்டார் குழுமத்திடம் சேர்ந்தது. திரையின் மூலையில் 'ஸ்டார்' ஏறி ஆண்டுகள் ஓடிவிட்டன. எங்கள் கூடத்தில் அந்தச் சொல் ஒருமுறைகூட ஒலித்ததில்லை. 'ஸ்டார்' யார் என்று கேட்டதற்கு, எதிர்வீட்டு அம்மாள், "நடிகர் விஜய்தானே?" என்றார். பிழையான விடை என்று தள்ளிவிட மனம் வரவில்லை.

மறுஒளிபரப்பு பற்றி ஒரு சிறு விலகல். மெட்டி ஒலி தொடரை 2020 ஊரடங்கில் மறுபடி போட்டதைச் சிலர் புதுமை என்றார்கள். எங்கள் ஊருக்கு அது பழசு. ஐப்பசிக் கடைசி நாளில் காவிரியில் நடக்கும் கடைமுழுக்குக்கு வந்து சேர முடியாத முடவனுக்காக, கார்த்திகை முதல் நாளில் இன்னொரு முழுக்கை அருளியவர் எங்கள் ஊர் மாயூரநாதர். விட்டதைப் பிடிக்க இரண்டாம் வாய்ப்பு என்ற தத்துவம் இங்கே காவிரித் துலாக்கட்டத்தில் பிறந்தது.

இனி முதன்மைச் சோதனை. தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசைக்கு நெடுநாள் 'பொதிகை' என்று பெயர். அகத்தியர் மலை, தென்றல் புறப்படும் இடம், கன்னடத்துக்குச் சந்தனா, மராத்திக்குச் சஹ்யாத்ரி என்ற வரிசையில் அழகாகப் பொருந்திய பெயர். 2024 ஜனவரி 19இல் அது 'டிடி தமிழ்' ஆயிற்று. தமிழ் என்ற சொல்லைச் சேர்த்துத் தமிழைக் குறைக்க முடியும் என்று நிரூபித்த அரிய நிகழ்வாக இதைக் குறித்துவைக்கிறேன்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை, திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை வந்தது. பஞ்சரத்தினக் கீர்த்தனைகளுக்கு அத்தை குளித்து, காபி டம்ளரோடு வந்து உட்கார்ந்தார்.

"பொதிகையைப் போடுடா."

"அது இப்ப டிடி தமிழ், அத்தை."

"அது கிடக்கட்டும். பொதிகையைப் போடு."

போட்டேன். அதே பந்தல், அதே கூட்டம், அதே புல்லாங்குழல். மூலையில் புது முத்திரை பளபளத்துக்கொண்டிருந்தது. அத்தை திருப்தியாகச் சொன்னார்: "பார்த்தியா, பொதிகைதான்."

பெயரை மாற்ற நினைப்போர் முதலில் ஒரு டிக்கெட் எடுத்து இங்கே வந்துவிட்டுப் போகட்டும். ரயிலில் வருவோர் கவனிக்க: மயிலாடுதுறை சந்திப்புக்கு ரயில்வே வைத்திருக்கும் குறியீடு இன்றைக்கும் 'எம்.வி.'தான்.