இருபதாவது ஆள் வரட்டும்

மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் பத்துப் பேர் இருந்தாலே அது தொழிற்சாலை என்றது 1948ஆம் ஆண்டுச் சட்டம். 13 சட்டங்களை ஒன்றாக்கி 2020இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்போ இருபது பேர் வேண்டும் என்கிறது. மின்சாரம் இல்லையென்றால் நாற்பது. பவர் பிரஸ், விரலை நசுக்குமுன் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் என்ற நம்பிக்கை போலும்.

பத்துப் பேர் இருந்தாலே அது ‘நிறுவனம்’, முதலாளியின் பொதுக் கடமைகள் அப்படியே இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. கட்டட வரைபட ஒப்புதல், உரிமம், ஆபத்தான வேலைகளுக்கான தனி விதிகள் ஆகியவைதாம் தொழிற்சாலை என்ற பெயரோடு போய்விட்டன. சிறு முதலாளிக்குப் படிவச் சுமை குறைகிறதாம். நல்லது, படிவத்தை மட்டும் குறைத்திருக்கலாமே! ஆபத்தான தொழில் என்று அரசு அறிவித்தால் ஒரே ஆள் இருந்தாலும் சட்டம் பொருந்தும் என்பதும் உண்மை. அறிவிக்கும்வரை, பத்தொன்பது பேரும் தங்கள் விரல்களைத் தாங்களே எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். இருபதாவது ஆளை எந்த முதலாளி பதிவேட்டில் ஏற்றுவார் என்று நீங்களே சொல்லுங்கள்.